மணமான பெண்ணின் பெயர்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே உள்ளது மாங்குளம். முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி கிழக்கே பிரிவது இச்சந்தியிலேதான். சந்திக்கு அருகில் புகையிரத நிலையமும் உண்டு. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன வடபகுதிப் புகையிரத சேவை 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் இவ்வூரைக் கடந்து கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் ஊரவர் பலமுறை இடம்பெயர்ந்தனர், திரும்பினர், மறுபடியும் இடம்பெயர்ந்தனர். வீடுகள் அழிந்தன; மரங்கள் முறிந்தன. ஆயினும் மாங்குளம் என்ற பெயர் மட்டும் மாறாதிருந்தது. ஊர்ப் பெயருக்கு வாய்த்த இந்த உறுதி, அவ்வூரில் வாழும் பெண்ணின் பெயருக்கு வாய்த்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டியிருக்கிறது.

மணமானதும் ஒரு பெண் தன் பெயரோடு இதுவரை சேர்ந்திருந்த தந்தையின் பெயரை விடுத்துக் கணவனின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, அன்றிப் பிறந்தபோது பெற்ற பெயருடனேயே வாழலாமா? மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது பட்டணத்துப் படித்த மாதரின் பொழுதுபோக்கு வினாவாகத் தோன்றக்கூடும். உண்மையில் இவ்வினா கிராம அலுவலரின் மேசையிலும், பிரதேச செயலகத்தின் வாயிலிலும், வங்கியின் சாளரத்தருகிலும் நாள்தோறும் எழுகின்ற வினாவாகும்.

முதலிலே தமிழர் பெயரின் அமைப்பை நோக்குதல் வேண்டும். ஐரோப்பியரிடையே வழிவழியாக வரும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. பாட்டனுக்கும் தந்தைக்கும் மகனுக்கும் அஃது ஒன்றே. தமிழரிடையே பெரும்பாலும் அத்தகைய பெயர் இல்லை. உதாரணமாக, கந்தையா என்பவருக்குப் பூமணி என்று ஒரு மகள் இருப்பதாகக் கொள்வோம். பிறப்புப் பதிவிலும் பாடசாலை இடாப்பிலும் அவள் கந்தையா பூமணி. சின்னத்தம்பி என்பவரின் மகன் நாகலிங்கத்தை அவள் மணக்கிறாள். அன்று முதல் அவள் பூமணி நாகலிங்கம் ஆகிறாள். அழைப்பிதழ்களிலும் சபைகளிலும் இன்னும் ஒருபடி சுருங்கி, திருமதி நாகலிங்கம் என்று மட்டும் ஆகிறாள். அவளுடைய பிள்ளைகளோ தம் பெயருக்கு முன் நாகலிங்கம் என்ற பெயரைக் கொள்கின்றனர். அப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு நாகலிங்கம் என்ற பெயரும் இல்லை. ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாத பெயரைக் குடும்பப் பெயர் என்று எவ்வாறு கூறுவது? ஆகவே, குடும்பத்தின் பெயரைக் காப்பதற்காகவே பெண் தன் பெயரை மாற்றுகிறாள் என்ற நியாயம், ஐரோப்பியருக்கு எவ்வளவு பொருந்தினும், தமிழருக்கு முழுதும் பொருந்துவதன்று. இங்கே மாறுவது ஒரு மனிதரின் பெயருக்குப் பதிலாக இன்னொரு மனிதரின் பெயர்.

அப்படியாயின் இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததா? பழைய இலக்கியம் இதற்கு ஒரே முகமாக விடை தரவில்லை. சங்கப் புலவருள் வெள்ளிவீதியாரும், ஒக்கூர் மாசாத்தியாரும், காக்கைபாடினியார் நச்செள்ளையாரும், ஔவையாரும் எவருடைய மனைவியர் என்று அவர்தம் பெயர்கள் கூறுவதில்லை. பாரி மகளிர் தந்தையின் பெயராலேயே அறியப்படுகின்றனர். அவர்களுடைய சொந்தப் பெயர்களைப் புறநானூறு தரவில்லை. கணவனோடு தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டோ பூதப்பாண்டியனின் தேவி என்று கணவன் பெயரோடு சேர்த்தே அறியப்படுகின்றாள். ஆக, தன் பெயரால், தந்தை பெயரால், கணவன் பெயரால் என்று மூவகை வழக்கமும் ஒரு காலத்தே அருகருகே வாழ்ந்தன.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டிலே குந்தவையார் தாம் அளித்த கொடைகளைக் குறிக்கும் இடத்தில், இராசராசனின் தமக்கையார் என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும் கூறப்படுவதோடு, தந்தையாகிய பராந்தகனின் பெயரும் சேர்ந்து பராந்தகன் குந்தவையார் என்றே வழங்கப்பெறுகிறார். தம்பியும் கணவனும் தந்தையும் அங்கே சுட்டப்படுகின்றனர். ஆனால் எவரும் குந்தவை என்னும் பெயரை மறைக்கவில்லை. அரசகுலத்து மாதுக்குக் கல்லிலே கிடைத்த இந்த முழுமை, இன்று ஓர் எளிய பெண்ணுக்குத் தன் வங்கிப் புத்தகத்திலே கிடைப்பதில்லை.

கணவனின் பெயரே மனைவியின் பெயர் என்ற கண்டிப்பு ஆங்கிலேயர் ஆட்சியோடு வலுப்பெற்றது. ஆங்கிலேயரின் பழைய சட்டத்தில் மணமான பெண்ணுக்குக் கணவனின்றித் தனியே சட்டநிலை இல்லை. அவளுடைய சொத்தும் ஒப்பந்தமும் அவனுடைய ஆளுகைக்குள் அடங்கின. பெயரும் அதன் அறிகுறியாக அடங்கிற்று. 1882ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும், 1923ஆம் ஆண்டில் இலங்கையிலும் மணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய சட்டங்கள் வந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. சட்டம் மாறிற்று, பெயர் வழக்கமோ நாகரிகத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது. ஆங்கிலப் பாடசாலையில் படித்த குடும்பங்களிலிருந்து அது மெல்லமெல்லக் கிராமங்களுக்கும் பரவிற்று.

இலங்கையின் அரசியல் வரலாற்றிலும் இதன் சுவடுகளைக் காணலாம். 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டிலேயே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான தமிழ்ப் பெண்மணி நேசம் சரவணமுத்து, கணவரின் பெயராலேயே நாட்டுக்கு அறிமுகமானார். 1960ஆம் ஆண்டில் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ, பிறப்பால் ரத்வத்தை குடும்பத்தவர். பண்டாரநாயக்க என்பது அவருடைய கணவரின் பெயர். அவருடைய மகளாகிய சந்திரிகா 1994ஆம் ஆண்டில் சனாதிபதியானபோது, தந்தையின் பெயரையும் கணவரின் பெயரையும் ஒருங்கே தாங்கிச் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க என்று விளங்கினார். இரண்டு தலைமுறைக்குள்ளேயே ஒரு வீட்டில் வழக்கம் இவ்வாறு மாறியமை கருதத்தக்கது.

இனிச் சட்டம் என்ன கூறுகிறது? இலங்கையில் விவாகம் பதிவானவுடன் பெண்ணின் பெயர் தானாகவே மாறிவிடும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலுள்ள பெயர் விவாகத்தால் அழிவதில்லை. விரும்பும் பெண், விவாகச் சான்றைக் காட்டிக் கணவனின் பெயரைத் தேசிய அடையாள அட்டையிற் சேர்த்துக்கொள்ளலாம். விரும்பாதவள் அப்படியே விட்டுவிடலாம். அடையாள அட்டையின் எண்ணை நோக்கினால் ஒரு சிறு உண்மை தெரியும். அதிலே பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதும் அடங்கியுள்ளன. பெண்ணாயின் அந்நாட்கணக்கோடு 500 கூட்டப்படுகிறது. பெயர் மாறினாலும் அந்த எண் வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை. அரசாங்கமும் ஒருவரை உறுதியாக அடையாளங்காண மாறாத ஒன்றையே நாடுகிறது என்பது இதனால் விளங்கும்.

வடமாகாணத் தமிழரின் தேசவழமையும் இவ்விடத்து நோக்கத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அவ்வழமைகளுக்கு ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டிற் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை மூவகைப்படுத்துகிறது. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. சீதன உறுதியில் அவள் தந்தையின் மகளாகவே எழுதப்படுகிறாள். ஆயினும், 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், முதுசம் பற்றிய கட்டளைச்சட்டத்தின்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட பெண் தன் சொந்த அசையாச் சொத்தையே விற்பதற்கும் ஈடுவைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பெயர் அவளுடையது, சொத்தும் அவளுடையது, கைச்சாத்து மட்டும் அவனுடையது. பெயரைக் காத்துக்கொண்டால் மட்டும் உரிமை முழுதும் வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

கணவன் இருக்கும் இடம் தெரியாதபோது என்ன செய்வது? மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, அவனுடைய சம்மதமின்றியே காணியைக் கையாள அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் வழிகூறுகிறது. அது எழுதப்பட்ட காலத்தில், அவ்வழி எங்கோ ஒரு குடும்பத்துக்கு என்றோ ஒருநாள் தேவைப்படலாம் என்று கருதப்பட்டிருக்கும். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் வன்னியில் அஃது ஊர்தோறும் எழுந்த தேவையாயிற்று.

மாங்குளத்தின் பெண்களுக்கு இவ்வினா வேறு உருவெடுப்பது இங்கேதான். போரின் இறுதிக் காலத்தில் மக்கள் மேற்கிலிருந்து கிழக்காகக் கடற்கரை வரை ஒதுங்கினர். பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அம்முகாம்கள் 2012ஆம் ஆண்டிலேதான் மூடப்பட்டன. அலைச்சலின்போது தறப்பாளும் பானையும் போனதுபோலப் பத்திரங்களும் போயின. ஊர் திரும்பிய பெண்ணுக்கு எல்லாவற்றையும் புதிதாகப் பெறவேண்டியிருந்தது. பிறப்புச் சான்றில் தந்தையின் பெயர். அடையாள அட்டையிற் கணவனின் பெயர். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் பெயராகப் பிறிதொரு எழுத்துக்கூட்டல். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். இவை நான்கும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்க அவள் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். சாட்சிக்கு ஆள் தேடவேண்டும். கூலிவேலையை விட்டுப் பேருந்து ஏறவேண்டும். ஆணுக்கு இத்துன்பம் அரிது. பிறந்தபோது கொண்ட பெயருடனேயே அவன் எல்லாப் பத்திரங்களிலும் இருக்கிறான்.

காணியின் கதையும் இத்தகையதே. வன்னிக் குடியேற்றக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவை. பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவனான ஆணின் பெயரிலேயே இருந்தது. வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை நிறுத்திய விதி 2022ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. காடு வெட்டி, கிணறு கட்டி, கச்சான் பயிரிட்டவள் பெண்ணாக இருந்தாலும், காகிதத்தில் அவள் இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே நின்றாள்.

இவற்றையெல்லாம் எண்ணுவோர், பெண் தன் பிறப்புப் பெயரையே என்றும் வைத்திருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிடக்கூடும். ஆனால் மாங்குளத்திலேயே அம்முடிவுக்கு மறுப்பும் உண்டு. காணாமற்போன கணவனைத் தேடும் மனைவிக்கு அவனுடைய பெயர் அடிமைத்தளை அன்று. அவன் ஒருவன் இருந்தான், அவனைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதற்கு அவளுடைய பெயரே சான்றாக நிற்கிறது. இறந்தவர் என்று பதிய அவள் மனம் இணங்குவதில்லை. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமையைக் காட்டும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழிசெய்தது. நலன்புரி உதவி கோருவதற்கும், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பதற்கும் அது துணைசெய்கிறது. அவ்வாண்டிலேயே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறிற்று. இவ்விரண்டினாலும் தேடல் முடிந்துவிடவில்லை. இத்தகைய ஒருத்தியிடம் சென்று, கணவனின் பெயரை நீக்கிவிடு, அதுவே விடுதலை என்று கூறுதல் எவ்வளவு கொடிது! ஆதலால், மாற்றியே ஆகவேண்டும் என்ற வற்புறுத்தல் எவ்வாறு தவறோ, மாற்றவே கூடாது என்ற வற்புறுத்தலும் அவ்வாறே தவறாகும்.

பிறநாடுகளின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. பிரான்சிலே 1794ஆம் ஆண்டின் சட்டம், பிறப்புப் பதிவிலுள்ள பெயரே ஒருவரின் பெயர் என்று விதித்தது. கணவனின் பெயரை வழங்குவது அங்கே வழக்கம் மட்டுமே. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981ஆம் ஆண்டு முதல் மணமான பெண் தன் பிறப்புப் பெயரிலேயே குடியுரிமைகளைச் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. யப்பானிலோ கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ளவேண்டும் என்பது சட்டம். எவர் பெயரையும் தெரிந்துகொள்ளலாம் என்று சட்டம் கூறினும், 100க்கு ஏறத்தாழ 95 தம்பதியரிடையே பெயரை இழப்பவள் மனைவியே. அச்சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டில் மணம் முடித்த லூசி ஸ்டோன் தன் பெயரையே வைத்திருந்தார். 1879ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பாடசாலைச் சபைத் தேர்தலில் வாக்களிக்க முனைந்தபோது, கணவனின் பெயரில் ஒப்பமிடவில்லை என்ற காரணத்தால் அவருக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. பெயர் ஒரு பெண்ணின் வாக்குரிமையையே பறித்த நிகழ்ச்சி அது.

புலம்பெயர்ந்து வாழும் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ படிவத்தை நிரப்பும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட இயலாது. முன்னர்க் கூறிய நாகலிங்கம் அக்கட்டத்தில் தன் தந்தையின் பெயராகிய சின்னத்தம்பி என்பதை எழுதுகிறார். கணவனின் குடும்பப் பெயரைக் கொள்ளும் வழக்கப்படி மனைவியும் பூமணி சின்னத்தம்பி ஆகிறாள். தந்தையின் பெயரையும் இழந்து, கணவனின் பெயரையும் பெறாது, மாமனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறாள்! பிறர் சட்டையைத் தம் அளவு பாராது அணிந்தால் நேர்வது இதுவே.

பெயர் மாற்றத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். தாயும் பிள்ளைகளும் ஒரே பெயரோடு விளங்கினால் பாடசாலையிலும் மருத்துவமனையிலும் இடர் இல்லை என்பர். அஃது உண்மையே. ஆயினும் பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் பெயர் திருத்தமாக இருந்தால் அந்த இடர் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணவனின் பெயரைக் கொள்ளாத மனைவிக்கு அவனிடத்து அன்பு குறைவு என்று சிலர் கருதுவர். மனைவியின் பெயரைக் கொள்ளாத கணவனைப் பற்றி எவரும் அவ்வாறு கூறுவதில்லை. தந்தையின் பெயரும் ஓர் ஆணின் பெயர்தானே, அதனை வைத்திருப்பதில் என்ன பெருமை என்பது மற்றொரு கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு பெயரோடு வாழ்ந்து, அப்பெயராற் படித்துத் தேறி, அப்பெயராற் கையொப்பம் இட்டவளுக்கு அது தந்தையின் பெயர் என்ற நிலையைக் கடந்து அவளுடைய பெயராகவே ஆகிவிடுகிறது.

ஆகவே, இவ்விடயத்தில் வேண்டற்பாலன மூன்று. முதலாவது, முடிவு பெண்ணினுடையதாக இருத்தல் வேண்டும். விவாகப் பதிவு முடிந்த மறுநாளே வீட்டார் படிவத்தை நிரப்பி அவள் முன் நீட்டுதல் தகாது. இரண்டாவது, எதனைத் தெரிந்துகொண்டாலும் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே பெயரை, ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருத்தல் வேண்டும். பெயரை மாற்றுபவள், அடையாள அட்டை முதல் வங்கிக் கணக்கு வரை யாவற்றையும் ஒருங்கே மாற்றிக்கொள்வாளாக. மாற்றாதவள் எங்கும் மாற்றாதிருப்பாளாக. பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்பதே பிற்காலத்துத் துன்பங்களுக்கு வித்தாகிறது. மூன்றாவது, எவருடைய பெயர் அருகில் நின்றாலும் பெண்ணின் சொந்தப் பெயர் மறையாதிருத்தல் வேண்டும். அழைப்பிதழிலும், மாதர் சங்கத்தின் கூட்டக்குறிப்பிலும், கோயிலின் உபயகாரர் பட்டியலிலும் திருமதி நாகலிங்கம் என்று மட்டும் எழுதுமிடத்துப் பூமணி நாகலிங்கம் என்று எழுதுவதற்கு ஒரு துளி மையே மிகுதியாகச் செலவாகும்.

மாங்குளத்திலிருந்து கிழக்கே செல்லும் வீதி, ஒட்டுசுட்டானைக் கடந்து முள்ளியவளைப் பக்கமாகப் போகிறது. வைகாசி மாதத்திலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் பொங்கலுக்காக வன்னிப் பெண்கள் அவ்வழியே திரள்கின்றனர். அவர்கள் வணங்கும் அத்தெய்வம், பாண்டியன் அவையிலே நீ யார் என்று வினவப்பட்டபோது, தன் ஊரைக் கூறிற்று. கணவனின் குலத்தையும் பெயரையும் கூறிற்று. முடிவிலே தன் பெயரையும் தானே கூறிற்று. கணவனுக்காக வழக்குரைக்க வந்தவள் கணவனின் பெயரை மறைக்கவில்லை. அதற்காகத் தன் பெயரையும் விட்டுவிடவில்லை. இன்று அலுவலக மேசையின் முன் நிற்கும் ஒரு பெண்ணிடம், உமது பெயர் என்ன என்று கேட்கப்படும்போது, அவள் தயக்கமின்றித் தன் பெயரைக் கூறவும், அப்பெயர் அவளுடைய எல்லாப் பத்திரங்களிலும் அவ்வாறே காணப்படவும் வேண்டும். சட்டத்தாலும் வழக்கத்தாலும் அவளுக்குச் செய்யத்தக்க நீதி அதுவேயாகும்.